நூத்திப்பத்தும் என் தலைமுடியும்

என் தலையில் இடது பக்கம் முடி கொஞ்சம் குறைவு. பார்க்கிறவர்கள் வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிலர் நான் கேட்காமலே எண்ணெய்ப் பெயர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். வயதும் இல்லை, எண்ணெயும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் காரணம். இருபத்தாறு வருஷமாகக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, கூட்டம் உள்ள நாளில் நாலைந்து என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தால் இன்னொருத்திக்குத் தலை நிறைய முடி கிடைத்திருக்கும்.

அவர் முடிதிருத்துபவர். முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு திரை. கடையில் ஒரு சுழல் நாற்காலி, ஓரத்தில் ரசம் போன ஒரு பெரிய கண்ணாடி, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற மனிதருக்கு இருபத்தைந்து வயதுக்குள்ளேயே தலை மொழுமொழுவென்று ஆகிவிட்டது. சவரக்கத்தியைத் தீட்டி முடித்ததும் கூர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு முடி வேண்டும். முடியை இரண்டு விரலால் பிடித்துக் கத்தியின் வெட்டுகிற ஓரமான வாய் மேல் மெதுவாக இறக்குவார். அழுத்தக் கூடாது, இழுக்கக் கூடாது. அது தானாக இரண்டாக வேண்டும். தரையெல்லாம் முடி கிடக்கிறதே, அதில் ஒன்றை எடுத்தால் என்ன என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். அது கண்டவர் முடியாம். ஒருத்தருக்குத் தடிப்பு, ஒருத்தருக்கு மெல்லிசு. தினம் ஒரு தலை மாறினால் கூர் ஏறியதா இறங்கியதா என்று எதை வைத்துச் சொல்வது என்றார். அப்படியாகத்தான் என் தலை அவருக்கு அளவுகோல் ஆனது.

என் தையல் மெஷின் திரையை ஒட்டிப் போட்டிருக்கிறது. நான் உட்கார்ந்தால் இடது பக்கம்தான் அவர் கைக்கு எட்டும். திரை விலகும், ஒரு கை நீளும், "ஒரு முடி" என்று குரல் வரும். தைத்துக்கொண்டிருந்தாலும் சரி, போனில் பேசிக்கொண்டிருந்தாலும் சரி, தலையைச் சாய்க்க வேண்டும். வலிக்கிறதா என்று ஒரு நாள் கேட்டதில்லை.

தெருவில் அவருக்குப் பெயர் நூத்திப்பத்து. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. கத்தி தீட்டுகிற தோல்வார் நாற்காலியின் கைப்பிடிக் கொக்கியில் தொங்கும். ஒரு கை நீளம், இரண்டு படை. ஒன்று முரட்டுத் துணி, ஒன்று தோல். துணியில் முப்பது இழுப்பு, தோலில் எண்பது. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேசிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். இது தெரிந்ததும் தெருவில் உள்ள அத்தனை பேருக்கும் குறும்பு வந்துவிட்டது. எழுபதைத் தாண்டுகிற நேரம் பார்த்து ஜன்னலில் எட்டி, மணி என்ன என்று கேட்பார்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். கண்ணை ஒரு முறை மூடித் திறப்பார், பிறகு "ஒண்ணு" என்பார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்.

இந்தக் குறும்புக்குத் தலைவர் ட்ரம்பெட்காரர். ஊர்வலங்களில் பேண்டு வாத்தியத்தோடு ட்ரம்பெட் ஊதுகிறவர். தடித்த உதடு, உப்பிய கன்னம், எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை வாய்க்குள்ளேயே ஊதிக்கொண்டிருப்பார். மேலுதட்டில் முள் மாதிரி ஒரு முடி மிச்சம் இருந்தாலும் வாத்தியம் சரியாகப் பொருந்தாது என்பதால் இவர் கத்தியைத் தவிர வேறு கத்திக்கு முகத்தைக் காட்டியதில்லை. பதினோரு வருஷத்துப் பழக்கம்.

கத்தி தீட்டுவதைப் பற்றி என் வீட்டுக்காரர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கன்னத்தில் போட்ட சோப்பு காய்ந்துவிடும். அதிலும் ஒரு வாசகம் என் காதில் தினம் விழும்: "அழுத்தினா போச்சு. வாரைத் தொய்ய விட்டா போச்சு. திருப்பும்போது வாய் தொட்டா எல்லாமே போச்சு." சாணைக்கல்லில் தீட்டுவது வேறு, தோலில் தீட்டுவது வேறு. கல்லில் கத்தியின் வாய் முன்னால் போகும். தோலில் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் வர வேண்டும். வாரின் கோடி வந்ததும் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். வாயின் மேல் திருப்பினால் தோல் கிழியும். தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. இதையெல்லாம் இப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன். அப்போது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தோலில் கத்தியைத் தேய்ப்பதற்கு இவ்வளவு அலட்டலா, அந்தக் கருமத்தை நான் விரலாலும் தொட மாட்டேன் என்று பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மறைப்பானேன். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. நான் இடதுகைக்காரி. இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த துணி வெட்டும் கத்திரிக்கோல் ஒன்றைத் தேடி அலைந்து வாங்கி வைத்திருந்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இவர் அதை எடுத்துக் கூரை ஓட்டையை அடைக்கத் தகரம் வெட்டிவிட்டார். தகரம்! கத்தியின் கூரைப் பற்றி ஊருக்கே வகுப்பு எடுக்கிற மனிதர். அன்றிலிருந்து எங்களுக்குள் எந்தச் சண்டை வந்தாலும், அது பால் பொங்கியதைப் பற்றியதாக இருந்தாலும், மூன்றாவது வாக்கியத்தில் நான் அந்தக் கத்திரிக்கோலை எடுத்துவிடுவேன். அவர் உடனே அடங்கிவிடுவார். பத்தொன்பது வருஷம் ஓடிய ஆயுதம் அது. அதை இழக்க எனக்கு மனமில்லை என்பதுதான் இந்தக் கதையில் நான் செய்த எல்லாக் கோணலுக்கும் வேர்.

வாரம் ஒரு நாள் கடைக்கு விடுமுறை. அன்று அவர் தன் அண்ணனுக்குச் சவரம் செய்யப் போவார். அண்ணன் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். மயிரிழை மாதிரி இருக்கும் சுருள்கம்பியை இடுக்கியால் எடுத்து வைத்த கை, ஐம்பத்துமூன்றாவது வயதில் நடுங்க ஆரம்பித்தது. ஒரு திருகாணி கீழே விழுந்தது, பிறகு இன்னொன்று. இப்போது அவருக்கு யாராவது ஊட்டிவிட வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்திரண்டு முடிந்துவிட்டது. அதைப் பற்றி அவர் வாயைத் திறந்ததில்லை. ஆனால் அங்கே போய்விட்டு வருகிற நாளெல்லாம் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தேநீர் குடிப்பார்.

அப்படி அவர் போயிருந்த ஒரு மதியம் நான் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தேன். கல் மாதிரி காய். கத்தியோ மழுங்கல். நாலு தடவை வழுக்கி விரலுக்குப் பக்கத்தில் வந்தது. எரிச்சலோடு நிமிர்ந்தால், திரை இடைவெளியில் அந்தத் தோல்வார் சாவகாசமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன், எனக்குத் தெரியாதா என்று எழுந்து போனேன். வலது கையால் வாரின் நுனியைப் பிடித்து இழுத்தேன். இடது கையில் கத்தி. கல்லில் எப்படித் தேய்ப்பேனோ அப்படியே வாயை முன்னால் வைத்து எதிர்ப்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினேன்.

பூசணிக்காயில் இறங்காத கத்தி தோலில் இறங்கியது. வாரின் நட்டநடுவில், கட்டைவிரல் நீளத்துக்கு, ஒரு படலம் நாக்கு நீட்டுவது போலத் தூக்கிக்கொண்டு நின்றது.

தண்ணீர் தொட்டுத் தடவி, படலத்தை அமுக்கி, வாரை இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து, மேலே துணிமணி வைக்கிற இரும்புப் பெட்டியைத் தூக்கி வைத்து, அதன் மேல் நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது கீறல் கண்ணுக்குத் தெரியவில்லை. கொக்கியில் மாட்டிவிட்டேன். இருந்தாலும் அவர் வந்ததும் சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன், சத்தியமாக. ஆனால் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். அன்றைக்கு அண்ணனால் கரண்டியைக்கூடப் பிடிக்க முடியவில்லையாம். இந்த நேரத்தில் இதையும் சொல்வானேன், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மென்று விழுங்கிவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு ட்ரம்பெட்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நகராட்சி ஊர்வலமாம், அதற்கு ஒத்திகையாம், அவசரமாம். வாய்க்குள் மெட்டை ஊதிக்கொண்டே இருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் தைக்காமல் எண்ணிக்கொண்டிருந்தேன். துணியில் முப்பது. தோலில் நாற்பது, ஐம்பது. நூற்றிப்பத்தும் முடிந்து, இவர் காலடி திரைப் பக்கம் வந்தது. இவர் முகத்தைப் பார்த்தால் உளறிவிடுவேன் என்று தோன்றியது. எழுந்து ஓடிக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். "ஒரு முடி" என்று இரண்டு தடவை கேட்டது. நான் குழாயைத் திறந்துவிட்டேன். ட்ரம்பெட்காரர் நேரமாகிறது என்று சத்தம் போட்டார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக முடி வைத்துப் பார்க்காத கத்தி ஒரு முகத்துக்குப் போனது.

குளியலறையிலிருந்து நான் வெளியே வந்தபோது ஊதல் நின்றிருந்தது. மேலுதட்டில், வாத்தியம் பொருந்துகிற அதே இடத்தில், வெட்டு. இவர் படிகாரத்தை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். ட்ரம்பெட்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பரவாயில்லை மாஸ்டர், பரவாயில்லை என்று துண்டுக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்குப் பதில் நாலு வசவு விட்டிருக்கலாம்.

அவர் போனதும் இவர் வாரைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். படலம் தூக்கிக்கொண்டு நின்றது. அதில் இடறித்தான் கத்தியின் கூர் மடங்கியிருக்கிறது. நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது என் பக்கம் திரும்புவார், கேட்பார், எல்லாம் வெளியே வந்துவிடும் என்று காத்திருந்தேன். அவர் திரும்பவேயில்லை.

"திருப்பும்போது வாய் தொட்டிருக்கு," என்றார், தனக்குத்தானே. "எனக்கே தெரியலை."

நான்தான் அதை விரலாலும் தொட மாட்டேனே. வேறு யார் மேல் சந்தேகம் வரும்? வாரைச் சுருட்டி இரும்புப் பெட்டிக்குள் போட்டு மூடினார். மறுபடி அதைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து சவரம் இல்லை. கத்திரிக்கோல் வேலை மட்டும். ஆள் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று வலது கையை நீட்டிப் பார்ப்பார். கைமேல் ஒரு தாளை வைத்து அது ஆடுகிறதா என்று பார்ப்பார். உற்றுப் பார்த்தால் எந்தக் கையும் ஆடத்தான் செய்யும். என் கையில் வைத்துப் பார்த்தேன், இவர் கையைவிட மோசமாக ஆடியது. டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி ஒரு கையால் எடுத்துக்கொண்டு அறைக்குள் நடப்பார். நான் பின்னாலேயே துணியோடு துடைத்துக்கொண்டு போவேன். என் தலையைக் கேட்டு எந்தக் கையும் நீளவில்லை. மெஷினில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். இந்த மனிதர் முடி பிடுங்கவில்லையே என ஒருத்தி ஏங்குவாள் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்குக் குற்ற உணர்ச்சி. குற்ற உணர்ச்சி வந்தால் எனக்கு மரியாதை வந்துவிடுகிறது. கேட்காமலே தேநீர் கொடுத்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முழுசாக ஐந்து நாள் கத்திரிக்கோல் பேச்சை எடுக்கவில்லை. பால் பொங்கியபோதுகூட, போனால் போகிறது என்றேன். இதெல்லாம் அவரை ஆற்றும் என்று பார்த்தால் அவர் முகம் நாளுக்கு நாள் வெளிறிக்கொண்டே போனது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தட்டைப் பார்த்தபடியே, என் முட்டிவலிக்குப் போனபோது டாக்டர் அவரைப் பற்றி என்னிடம் தனியாக ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். நான் அன்பாக நடந்துகொள்வதை வைத்துத் தனக்கு நாள் எண்ணியாகிவிட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார் மனிதர்.

ஊர்வலத்தில் ட்ரம்பெட்காரருக்குப் பதில் வேறு யாரோ ஊதினார். அந்த ஊதலைக் கேட்ட பிறகு தெருவில் எல்லோருக்கும் உண்மையான ட்ரம்பெட்காரரின் உதட்டின் மேல் திடீர் அக்கறை வந்துவிட்டது. வருகிறவன் போகிறவனெல்லாம் விசாரித்தான். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த நாளே பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் போய் முன்னறையை அவருக்கே விட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார். அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார், டயர் அடுக்க இடம் போதவில்லையென்று. ஒன்றாம் தேதி சாவி கொடுப்பதாகப் பேச்சு. ஒன்றாம் தேதிக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

என்னிடம் வந்து சொன்னபோது ரொம்ப நிதானமாகச் சொன்னார். "அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அவரு ஒரு திருகாணியைத்தான் கீழ போட்டாரு. என் கையில இருக்கிறது கத்தி."

அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கத்திரிக்கோலும் போகட்டும், மானமும் போகட்டும் என்று, அதே இடத்தில் உட்கார்ந்து ஆதியோடந்தமாகச் சொன்னேன். பூசணிக்காய், வார், பலகை, பெட்டி, குளியலறை, குழாய். ஒன்றையும் விடவில்லை. சொல்லி முடித்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தால் மனிதர் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்காக இவ்வளவு பெரிய பொய் சொல்றியே," என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பொய்யில்லை, நிஜம் என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார். அவர் வாதம் இதுதான்: இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு முறையாவது என் மேல் தப்பு என்று ஒப்புக்கொண்டதுண்டா? இல்லை. அப்படிப்பட்டவள் இப்போது மட்டும் ஏன் ஒப்புக்கொள்கிறாள்? அவருடைய மனசு நோகக் கூடாது என்று. ஆகவே பொய். அவ்வளவும் என் வாயாலேயே கட்டிய கோட்டை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டு, நீயாவது அப்பாவிடம் சொல்லு என்றேன். அவள் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, நீ தப்பு செய்தேன் என்று சொன்னால் நானே நம்ப மாட்டேனே அம்மா, அப்பா எப்படி நம்புவார் என்றாள். பெற்ற பெண்.

ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் காலையில் ட்ரம்பெட்காரர் வந்தார். உதடு ஆறிவிட்டது. பத்து நாள் தாடியோடு நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மடியில் ஒரு பொட்டலம். குதிரைச் சேணம் தைக்கிற தன் சிநேகிதரிடம் சொல்லி இவருக்காகவே செய்த புதுத் தோல்வார். பழைய வார் தேய்ந்துபோயிருக்கும், அதனால்தான் அன்றைக்கு அப்படி ஆனது, இதில் தீட்டி நீங்களே எடுத்துவிடுங்கள் மாஸ்டர் என்றார். தானே கொக்கியிலும் மாட்டினார். நல்ல தோல், மழமழவென்று, ஒரு மறு இல்லாமல் தொங்கியது. இவர் அதை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார். பிறகு கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். முடியாது, கை சரியில்லை, நாளைக்கு இங்கே டயர்தான் இருக்கும் என்றார்.

நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். அடுப்படிக்குப் போய் அதே கத்தியை எடுத்துக்கொண்டு கடைக்குள் வந்தேன். ட்ரம்பெட்காரர் நாற்காலியில் பின்னால் நகர்ந்தார். நான் வலது கையால் புது வாரின் நுனியைப் பிடித்தேன். இடது கையால், வாயை முன்னால் வைத்து, ஒரு தள்ளு.

புது வாரிலும் ஒரு படலம் நாக்கு நீட்டியது. ட்ரம்பெட்காரர் முழி பிதுங்கி வாரையும் என்னையும் பார்த்தார்.

"பெட்டியில இருக்கிறதை எடுத்துட்டு வாங்க," என்றேன். "பக்கத்துல வச்சுப் பாருங்க."

என் வீட்டுக்காரர் உள்ளே போனார். பெட்டி மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பழைய வாரைக் கொண்டுவந்து புதியதன் மேல் போட்டு ஜன்னல் பக்கம் திருப்பினார். பத்து நாளில் அப்போதுதான் அதை மறுபடி பார்க்கிறார். நட்டநடுவில் கட்டைவிரல் நீளம், இதிலும் நட்டநடுவில் கட்டைவிரல் நீளம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன, இடதுகைக்காரி தள்ளினால் எந்தப் பக்கம் சாயுமோ அந்தப் பக்கம். அவர் விரல் படலத்தைத் தூக்கிப் பார்த்தது. அவர் தப்பாகத் திருப்பியிருந்தால் கீறல் வாரின் ஏதாவது ஒரு கோடியில் இருந்திருக்க வேண்டும். கத்தி திரும்புகிற இடம் அதுதான். நடுவில் கத்தியை யாரும் திருப்புவதில்லை. எந்த ஒரு கற்றுக்குட்டிக்கும் தெரிகிற இந்த விஷயம், பயத்தில் அவர் கண்ணில் படவேயில்லை. பார்த்தவுடன் சுருட்டிப் பெட்டியில் போட்டுவிட்டாரே.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகம் சிவந்துகொண்டே வந்தது. நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

இருபத்தாறு வருஷத்து வசவு மொத்தமும் அன்றைக்கு வந்தது. வாயை முன்னால் வைத்தா தள்ளுவாய், தினம் காதில் ஓதினேனே என்று ஆரம்பித்தார். பூசணிக்காய் வெட்டுகிற கத்தியா, தோலிலா என்றார். ஒன்று போதாதென்று இரண்டா என்றார். சைக்கிள் கடைக்காரர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அறையை அளவெடுக்கக் கொண்டுவந்த நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டுத் திட்டென்று திட்டிக்கொண்டிருக்கிற அந்த மனிதரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முகத்துக்கு நேராக நீட்டிய விரல் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. அவரும் ஒரு கட்டத்தில் அதைப் பார்த்தார். வசவு பாதியில் நின்றது.

எல்லாம் சரி, இரண்டு வாரும் போய்விட்டதே, கத்தியை எதில் தீட்டி என் தாடியை எடுப்பீர்கள் என்று ட்ரம்பெட்காரர் கேட்டார்.

இவர் அலமாரியைத் திறந்து சவரக்கத்தியை எடுத்தார். மடங்கியிருந்த கூரைக் கல்லில் சரி செய்தார். பிறகு இடது உள்ளங்கையை விரித்தார். உள்ளங்கையும் தோல்தானே. கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னால் போக, கட்டைவிரல் மேட்டிலிருந்து சுண்டுவிரல் பக்கம் ஓர் இழுப்பு. முதுகின் மேல் உருட்டித் திருப்பி மறுபடி ஓர் இழுப்பு. கை ஒரு நூல் நடுங்கினாலும் ரத்தம்தான். இருபது. ஐம்பது. கத்தி கையில் போய்ப் போய் வந்தது. தொண்ணூறு. ஒரு கீறல் இல்லை. நூற்றி நான்கு.

"ஆச்சா?" என்றார் ட்ரம்பெட்காரர்.

என் வீட்டுக்காரர் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தார்.

"ஒண்ணு," என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். ட்ரம்பெட்காரர் பயந்துபோய், இனிமேல் வாயே திறக்க மாட்டேன், நீ அழாதே தங்கச்சி என்று சைகை காட்டினார். வாய் திறக்கவில்லை என்பதற்காக உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை நூற்றிப்பத்தும் முடிந்தது. இவர் திரைப் பக்கம் திரும்பினார். மெஷினில் நான் இல்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பெஞ்சுக்கு வந்து கையை நீட்டினார்.

"ஒரு முடி."

தலையைச் சாய்த்தேன். பிடுங்கினார். இத்தனை நாள் விட்டுப்போனதாலோ என்னவோ சுரீரென்றது. அவர் அதைக் கத்தியின் வாய் மேல் மெதுவாக இறக்கினார். அது இரண்டாகி, ஒரு பாதி அவர் விரலில் நின்றது, மறு பாதி என் மடியில் விழுந்தது.

"வலிச்சுதா?" என்று கேட்டார், முதல் தடவையாக.

"வலிச்சுது," என்றேன். "இன்னொண்ணு வேணும்னாலும் எடுத்துக்குங்க."

அவர் எடுக்கவில்லை. ஒன்று போதும் என்றார். ட்ரம்பெட்காரரின் கன்னத்தில் சோப்பைத் தடவ ஆரம்பித்தவர், தூரிகையைப் பாதியில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, அந்தக் கத்திரிக்கோல் விஷயம் இத்தோடு தீர்ந்ததா என்று கேட்டார். நான் யோசித்துப் பார்த்தேன். அவர் வெட்டியது ஒன்று, நான் கிழித்தது இரண்டு. தீர்ந்தது என்றேன்.